யார் எதைப் பார்க்கலாம்? சங்கக் கணக்கில் திறந்த ஏடும் மூடிய ஏடும்

(அங்கத்தினர் கல்விப் பகுதி. சங்கக் கூட்டங்களில் படித்து விவாதிப்பதற்கு உரியது. எழுதியவர்: கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர், களமருதூர்.)

கூட்டுறவுச் சங்கம் அங்கத்தினர்களின் சொத்து. ஆகவே அதன் கணக்கு ஏடுகளும் அவர்களுடையவையே. இதில் ஐயமில்லை. ஆனால் அங்கத்தினர் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு வந்து, "நான் பங்கு செலுத்தியவன், கடன் பேரேட்டை எடுங்கள், என் வரப்புக்கு அடுத்த நிலத்துக்காரர் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும்" என்று கேட்டால் செயலாளர் என்ன செய்வது? காட்டினால் அந்த அடுத்த நிலத்துக்காரருக்குத் தீங்கு. காட்டாவிட்டால், சொந்தக்காரருக்கே கணக்கை மறைக்கிறார்கள் என்ற பேச்சு எழும். இரு பக்கத்திலும் நியாயம் இருப்பது போலத் தோன்றுகிறது அன்றோ?

நெடுங்காலம் இக்கேள்வி செயலாளரின் அலமாரிச் சாவியோடு முடிந்துபோயிற்று. சாவி அவரிடம், ஆகவே முடிவும் அவரிடம். இன்று நிலைமை வேறு. 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை, நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் கணக்குகளைக் கணிப்பொறியில் ஏற்றுவதற்கு 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. ஏடு அலமாரியில் இருந்தவரை ஒரு நேரத்தில் ஒரு கைதான் அதைப் புரட்ட முடியும். கணிப்பொறியில் ஏறிய ஏட்டை ஒரே வேளையில் பல ஊர்களிலிருந்து பலர் திறக்கலாம். எனவே எந்தப் பக்கம் யாருக்குத் தெரியவேண்டும், யாருக்குத் தெரியக்கூடாது என்பதை முன்கூட்டியே வகுத்து எழுதி வைத்தாக வேண்டும். அதை வகுக்கும் முறையையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. கடன் ஏடு ஊரறிய இருந்த காலம்

நம் இயக்கத்தின் தொடக்கத்தைச் சற்று நினைவுகூர்வது நலம். 1904 ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டப்படி அமைந்த கிராமச் சங்கங்கள் வரையறையற்ற பொறுப்பு உடையவை. அதாவது, சங்கம் நொடித்தால் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் பங்குத் தொகையை மட்டுமன்றி, தம் வீடு நிலம் உட்பட அனைத்தையும் கொண்டு கடனுக்கு ஈடு சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ரெய்ஃபைசன் என்பார் அமைத்த கிராம வங்கிகளின் முறை இது. சென்னை அரசாங்கத்துக்காக அம்முறையை ஆராய்ந்து பரிந்துரைத்தவர் பிரெடெரிக் நிக்கல்சன். அவ்வாண்டிலேயே சென்னை மாகாணத்தில் திரூர் என்னும் சிற்றூரில் விவசாயிகளின் கடன் சங்கம் பதிவாயிற்று.

அத்தகைய சங்கத்தில் ஒருவர் வாங்கிய கடனை மற்றவர் அறிவது வெறும் ஆவலன்று, அவசியம். அவர் திருப்பாவிட்டால் இவருடைய நிலம் போகும். ஆகவே கடன் கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார், நடத்தை எப்படி என்பதெல்லாம் எல்லோரும் அறிய வேண்டியவையாக இருந்தன.

பின்னர் நிலைமை மாறியது. 1954 இல் வெளிவந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வின் அறிக்கை, வரையறுத்த பொறுப்புடைய பெரிய சங்கங்களைப் பரிந்துரைத்தது. இன்று நம் சங்கத்தில் ஓர் அங்கத்தினருக்கு உள்ள பொறுப்பு வரையறைக்கு உட்பட்டது. அடுத்த வீட்டுக்காரர் கடன் தவறினால் நம் நிலம் ஏலத்துக்கு வராது. ஆனால் சங்கம் மொத்தத்தில் நலிந்தால் நம் பங்கும், நம் வைப்புத் தொகையும், அடுத்த பருவத்துக் கடனும் ஆபத்துக்குள்ளாகும்.

இவ்வரலாற்றிலிருந்து பெறும் விதி ஒன்று உண்டு. பொறுப்பு எந்த அளவோ, பார்வையும் அந்த அளவே. சங்கத்தின் மொத்த நிலையில் நமக்குப் பொறுப்பு இருப்பதால் மொத்தக் கணக்கு முழுவதையும் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. அடுத்தவரின் தனிக்கடனுக்கு நாம் ஈடு சொல்வதில்லை; ஆகவே அந்தப் பக்கத்தைத் திறக்கும் உரிமையும் நமக்கு இல்லை. ஒருவருக்கு நாம் ஜாமீன் நின்றால் மட்டும் அந்த ஒரு கடனின் நிலுவையை அறியும் நியாயம் நமக்கு உண்டாகிறது.

2. மூவகை ஏடுகள்

சங்கத்திலுள்ள விவரங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, எல்லோருக்கும் திறந்த ஏடு. துணைவிதிகள், வரவு செலவு அறிக்கை, ஐந்தொகை, தணிக்கை அறிக்கை, தீர்மானங்கள், கொள்முதல் விலை, உரம் விதைகளின் இருப்பு, நூல் விலை, ரகவாரிக் கூலி விகிதம் ஆகியவை இவ்வகை. இங்கிலாந்தில் 1844 இல் தோன்றிய ரோச்டேல் சங்கத்தார், கணக்கறிக்கைகளை அடிக்கடி அங்கத்தினர் முன் வைக்க வேண்டும் என்பதைத் தம் கொள்கைகளுள் ஒன்றாகவே கொண்டிருந்தனர்.

இரண்டாவது, ஒருவருக்கே உரிய ஏடு. அவருடைய கடன், வைப்பு, அடகு வைத்த நகையின் எடை, வாரிசு நியமனம், ஆதார் எண், தொலைபேசி எண் ஆகியவை. இவற்றை அவரும், அவர் பொருட்டுப் பணிசெய்யும் ஊழியரும் மட்டுமே பார்க்கலாம்.

மூன்றாவது, குறித்த காலம் மட்டும் மூடியிருக்கும் ஏடு. மூடி முத்திரையிட்ட ஒப்பந்தப் புள்ளிகள் திறக்கும் நாள் வரை மூடியே இருக்க வேண்டும். திறந்த பின் எல்லோரும் பார்க்கலாம். நெசவாளர் சங்கம் ஒன்று புதுக்கரை வடிவம் ஒன்றை உருவாக்கி அதைப் பதிவுசெய்ய எண்ணினால், 2000 ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி விண்ணப்பிப்பதற்கு முன் அது பொதுவில் வெளிப்பட்டிருக்கக் கூடாது. வெளிப்பட்டால் பதிவுக்குரிய தகுதி போய்விடும். ஆகவே அதுவரை அவ்வடிவத்தை வரைந்தவர், நெய்து பார்ப்பவர், முடிவு செய்பவர் ஆகியோர் தவிர மற்றவர் கண்ணில் படாமல் வைப்பது சங்கத்தின் நலனுக்கே.

இப்பிரிவினை ஏட்டுக்கு ஏடு மட்டுமன்று, ஒரே ஏட்டுக்குள்ளும் வேண்டியிருக்கிறது என்பதை நம் மாவட்டத்தார் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்குவோம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரும்பு பயிரிடுவோருக்கு வெட்டு உத்தரவு எப்போது கிடைக்கும் என்பது வாழ்வுப் பிரச்சினை. முற்றிய கரும்பு வெட்டப்படாமல் வயலில் நின்றால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். அடுத்து நட்டவருக்கு முதலில் உத்தரவு வந்துவிட்டதாகச் சந்தேகம் தோன்றினால் ஊரே கொந்தளிக்கும்.

கரும்புப் பதிவேட்டில் என்னென்ன பத்திகள் தேவைப்படுகின்றன? பதிவு எண், நடவுத் தேதி, ரகம், பரப்பு, வெட்டு முறை வரிசை. அத்துடன் பயிர்க்கடன் நிலுவை, பிடித்தம், வங்கிக் கணக்கு எண். முதல் ஐந்தும் எல்லோருக்கும் தெரிந்தால்தான் வரிசை நேர்மையானதா என்பதைச் சரிபார்க்க முடியும். அவற்றை மறைத்தால் சந்தேகம் வளரும். பின் மூன்றும் அந்த விவசாயிக்கும் கணக்கருக்கும் அப்பால் செல்ல வேண்டியதில்லை. ஒரே வரியில் பாதி திறந்தும் பாதி மூடியும் இருக்க வேண்டும். காகித ஏட்டில் இது கடினம். ஏட்டைத் திறந்தால் முழு வரியும் தெரியும். ஆகவே ஒன்று எல்லாவற்றையும் காட்டினார்கள், அல்லது எதையுமே காட்டவில்லை. கணிப்பொறியால் விளைந்த பெரும் நன்மை, இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி பிறந்திருப்பதே.

நெசவாளர் சங்கங்களுக்கும் இதுவே பொருந்தும். எந்தத் தறிக்கு எப்போது பாவு கொடுக்கப்பட்டது, கூலி மிகுந்த ரகம் யாருக்கு எந்த முறைப்படி ஒதுக்கப்பட்டது என்பது எல்லோரும் பார்க்கத் தக்கது. அவரவர் கூலியில் கடனுக்குப் பிடித்தது எவ்வளவு என்பது அவரவர்க்கு மட்டுமே உரியது.

3. மூடவேண்டியதை மூடாவிட்டால்

"கடன் வாங்கியது குற்றமா? தெரிந்தால் என்ன?" என்று கேட்போர் உண்டு. நாம் கிராமங்களில் அறிந்த உண்மை ஒன்றைச் சொல்கிறோம். உளுந்தோ மக்காச்சோளமோ அறுவடையாகும் வேளையில், விவசாயியின் கடன் தவணை எந்தத் தேதியில் முடிகிறது என்பதை வியாபாரி அறிந்துவிட்டால் போதும். அத்தேதிக்குள் இவர் விற்றே ஆகவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. விலை தானாக இறங்கும். கடன் ஏட்டின் ஒரு வரி வெளியே கசிந்ததற்கு விவசாயி மூட்டைக்கு மூட்டை விலை கொடுக்கிறார். மகள் திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில், நகை அடகில் இருக்கும் செய்தி வெளிப்பட்டால் நேரும் துன்பத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் 1924 இல் தீர்ப்பான டூர்னியர் வழக்கு இதற்கு நல்ல பாடம். டூர்னியர் என்பவர் தம் வங்கிக் கணக்கில் பத்துப் பவுனுக்கும் குறைவான தொகை பாக்கி வைத்திருந்தார். வங்கிக் கிளை மேலாளர் அவர் வேலைசெய்த கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசுகையில் அந்தப் பாக்கியையும், அவர் பந்தயத்தில் பணம் கட்டுகிறார் என்ற ஐயத்தையும் சொல்லிவிட்டார். டூர்னியருடைய வேலை போயிற்று. வங்கிக்கு வாடிக்கையாளரின் விவரத்தைக் காக்கும் கடமை உண்டு என்றும், சட்டத்தின் கட்டாயம், பொதுமக்கள்பால் உள்ள கடமை, வங்கியின் சொந்த நலன், வாடிக்கையாளரின் சம்மதம் ஆகிய நான்கு காரணங்களுக்காக மட்டுமே வெளியிடலாம் என்றும் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்தது. சிறிய பாக்கி, ஒரு தொலைபேசிப் பேச்சு, ஒரு குடும்பத்தின் பிழைப்பு. வங்கித் தொழில் செய்யும் நம் சங்கங்களுக்கும் இவ்வழக்கின் பாடம் பொருந்துவதே.

அண்மையில் கேரளத்திலும் இத்தகைய வழக்கு எழுந்தது. கூட்டுறவுச் சங்கம் ஒன்று கடன் தவறியவர்களின் பெயர்களையும் புகைப்படங்களையும் பலகையில் அச்சிட்டு அலுவலகத்தின் முன் வைத்தது. அப்படி வைப்பதற்கு விதியில் இடமில்லை என்றும், அது மனிதரின் கண்ணியத்துக்கு மாறானது என்றும் கேரள உயர்நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கடனை வசூலிக்கச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. அவமானத்தை வசூல் கருவியாக்க வகுக்கவில்லை.

சட்டத்தின் நிலையையும் சுருக்கமாகக் கூறிவிடுவோம். 2011 ஆம் ஆண்டின் 97 ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஓர் அங்கத்தினர் தம்மோடு சங்கம் நடத்தும் கொடுக்கல் வாங்கலைப் பற்றிய ஏடுகளையும் கணக்குகளையும் பார்ப்பதற்கு மாநிலங்கள் சட்டம் செய்யலாம் என்றது. "தம்மோடு" என்ற சொல்லை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். அடுத்தவரோடு என்று அது கூறவில்லை. 2021 ஜூலையில் உச்சநீதிமன்றம் இத்திருத்தத்தின் அப்பகுதி பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களுக்கே செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனவே நம் சங்கங்களுக்கு மாநிலச் சட்டமே அடிப்படை. தகவலறியும் உரிமைச் சட்டம் பற்றி 2013 அக்டோபரில் உச்சநீதிமன்றம், அரசாங்கத்தின் பெரும் நிதியுதவியோ ஆழ்ந்த கட்டுப்பாடோ இல்லாத கூட்டுறவுச் சங்கம் அச்சட்டத்தின் கீழ் வரும் பொது அமைப்பு ஆகாது என்றும், ஆனால் கூட்டுறவுப் பதிவாளர் அத்தகைய பொது அமைப்பே என்றும், சட்டப்படி அவர் சங்கத்திடமிருந்து பெறத்தக்க தகவலை விதிவிலக்குகளுக்கு உட்பட்டுத் தரவேண்டும் என்றும் தெளிவாக்கியது. 2023 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருபவை. கணிப்பொறியில் பிறர் விவரத்தை வைத்திருப்போர் அதைக் காக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதே அச்சட்டத்தின் சாரம்.

4. பதவிக்கன்று, பணிக்கே பார்வை

இனி, யாருக்கு எந்தப் பக்கம் என்பதற்கு வருவோம். இதில் நாம் காணும் பொதுவான தவறு, பதவி உயர உயரப் பார்வையும் விரிய வேண்டும் என்று எண்ணுவது. தலைவர் பெரியவர்; ஆகவே அவருக்கு எல்லாம் தெரியவேண்டும் என்பர். இது மரியாதைக்குப் பொருந்தும், கணக்குக்குப் பொருந்தாது. 1975 இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் இரு கணிப்பொறி அறிஞர்கள், ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரமே அளிக்க வேண்டும் என்ற விதியை எடுத்துரைத்தனர். 1992 இல் அமெரிக்காவில் ஃபெராயோலோ, கூன் என்போர், ஆளுக்கு ஆள் தனித்தனியாக உரிமை வழங்காமல், முதலில் பணிகளை வகுத்து, பணிக்கு உரிமையைத் தந்து, பிறகு ஆளைப் பணியில் அமர்த்தும் முறையை வகுத்தளித்தனர். ஆள் மாறினால் உரிமை தானே மாறும். கணக்கர் காசாளராக மாற்றப்பட்டால் அவர் பார்க்கும் பக்கங்களும் அன்றே மாறிவிடும்.

நெசவாளர்களுக்கு இது புதிதன்று. ஜக்கார்டுத் தறியில் பாவு ஒன்றே. அட்டையில் துளையுள்ள இடத்தில் கொக்கி இழையைத் தூக்குகிறது. துளையில்லாத இடத்தில் இழை தாழ்ந்தே கிடக்கிறது. அட்டையை மாற்றினால் அதே பாவில் வேறு பூ விழுகிறது. சங்கத்தின் கணக்கே பாவு, பணியே அட்டை.

ஒரு தொடக்கச் சங்கத்துக்கு ஏற்றதென நாம் கருதும் வகுப்பு வருமாறு:

(அ) கணக்கர்: அன்றைய பற்று வரவுகளைப் பதியலாம். பதிந்ததைத் தாமே அங்கீகரிக்கலாகாது.

(ஆ) காசாளர்: ரொக்கம், ரசீது, அன்றைய பட்டுவாடா ஆகியவற்றைப் பார்க்கலாம். அங்கத்தினரின் பழைய கடன் வரலாறு அவருக்கு வேண்டியதில்லை.

(இ) நகை மதிப்பீட்டாளர்: தம்முன் வைத்த நகையின் எடை, தரம், மதிப்பு ஆகிய பத்திகள் மட்டும். அடகு வைத்தவரின் வைப்புத் தொகை எவ்வளவு என்பது மதிப்பீட்டுக்குத் தேவையற்றது.

(ஈ) செயலாளர்: கணக்குகளைப் பார்த்து அங்கீகரிக்கலாம். அங்கீகரித்த பதிவை அழிக்கலாகாது. தவறு நேர்ந்திருந்தால் எதிர்ப்பதிவால் திருத்த வேண்டும்.

(உ) நிர்வாகக் குழுவினர்: கூட்டத்தின் பொருள் நிரலில் வந்த கடன் மனுக்களையும், மொத்த நிலுவைப் பட்டியல்களையும் பார்க்கலாம். கூட்டம் இல்லாத நாளில் ஒரு தனி அங்கத்தினரின் கணக்கைத் திறக்கக் காரணம் எழுதப்பட வேண்டும்.

(ஊ) ஆய்வாளரும் தணிக்கையாளரும்: எல்லாவற்றையும் பார்க்கலாம், ஓர் எழுத்தையும் மாற்றலாகாது. 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 81 ஆம் பிரிவில் விசாரணைக்கும் 82 ஆம் பிரிவில் ஆய்வுக்கும் வழி செய்கிறது. பார்க்கும் அதிகாரம் நமக்கு இருப்பதாலேயே எழுதும் அதிகாரம் நமக்கு இருக்கக்கூடாது. தாம் திருத்திய கணக்கைத் தாமே ஆய்வு செய்வது எவ்வாறு பொருந்தும்?

(எ) அங்கத்தினர்: தம் கணக்கு முழுவதும், சங்கத்தின் மொத்தக் கணக்கு முழுவதும்.

கடைசி வரியே இவ்வகுப்பின் உயிர். அங்கத்தினர் வரிசையில் கடைசியில் நிற்கிறார். ஆனால் சங்கத்தின் மொத்த நிலைமையைக் காண்பதில் அவர் எவருக்கும் குறைந்தவரல்லர்.

5. மறைப்பது வேறு, கொடாதிருப்பது வேறு

இங்கு அங்கத்தினர்களும் நிர்வாகிகளும் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்தைத் திரையில் தெரியாமல் செய்வது எளிது. பொத்தானை எடுத்துவிடலாம், பத்தியை வெள்ளையாக்கி விடலாம். பார்ப்பவர் கண்ணுக்கு அது இல்லை. ஆனால் அந்த விவரம் அவருடைய கணிப்பொறிக்கு வந்து சேர்ந்தே இருந்தால், விவரமறிந்தவர் அதைச் சிறிது முயற்சியில் எடுத்துவிடுவார்.

மீண்டும் தறிக்கே செல்வோம். அட்டை தூக்காத இழை முன்புறத்தில் தெரியாது. ஆனால் துணியைத் திருப்பிப் பார்த்தால் மறுபுறத்தில் அத்தனை இழையும் கிடக்கும். துணிக்கு அது குறையன்று. கணக்குக்கு அது கேடு. மேசையில் ஏட்டை விரித்து, ஒரு வரிமீது காகிதம் வைத்து மூடிவிட்டு, "மற்றதைப் பாருங்கள்" என்று கொடுத்துவிட்டு எழுந்து போவது போன்றது இது. காகிதத்தைத் தூக்க எவ்வளவு நேரமாகும்?

சரியான முறை எது? ஒவ்வொரு முறை கேட்கப்படும்போதும், கணக்கு இருக்கும் மையக் கணிப்பொறியே, கேட்பவர் யார், அவர் பணி யாது, கேட்கும் பக்கம் அவருக்கு உரியதா என்று பார்க்க வேண்டும். உரியதன்று எனில் விவரத்தையே அனுப்பக் கூடாது. அங்கத்தினர் ஒருவர் தம் கடன் எண்ணை இட்டுத் தம் கணக்கைப் பார்க்கிறார். எண்ணின் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டி இட்டால் அடுத்தவர் கணக்கு வருமானால், அங்கே பூட்டு இல்லை என்று பொருள். இத்தகைய குறை அரிதானதன்று. கணிப்பொறிப் பாதுகாப்பை ஆராயும் ஓவாஸ்ப் என்னும் உலக அமைப்பு, 2021 இல் வெளியிட்ட பத்து பெரும் ஆபத்துகளின் பட்டியலில், பார்வை உரிமையைச் சரியாகக் காவாமையையே முதலிடத்தில் வைத்தது.

சங்கத்துக்கு மென்பொருள் தருவோரிடம் நிர்வாகக் குழு கேட்க வேண்டிய கேள்வி இதுவே: "இது எங்கள் கண்ணுக்கு மறைகிறதா, அல்லது எங்களிடம் வராமலே இருக்கிறதா?"

6. பார்த்ததற்கும் தடம் வேண்டும்

பூட்டு எவ்வளவு நல்லதாயினும் சாவி ஊர் சுற்றினால் பயனில்லை. நாம் ஆய்வுக்குச் சென்ற சங்கங்கள் சிலவற்றில், எல்லா ஊழியரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தியதையும், அது மேசைக் கண்ணாடியின் அடியில் எழுதி வைக்கப்பட்டிருந்ததையும் கண்டதுண்டு. வேலை எளிதாகும் என்பது அவர்கள் கூறிய காரணம். ஆனால் ஒரு பொய்ப் பதிவு நேர்ந்தால், ஏடு "செயலாளர் செய்தார்" என்றே காட்டும். செய்தவர் யாரோ, பழி சுமப்பவர் செயலாளர். நேர்மையான ஊழியரைக் காக்கும் சாட்சி அவருடைய தனிக் கடவுச்சொல்லே என்பதை அவர்கள் உணர வேண்டும். நகைப் பெட்டகத்துக்கு இரட்டைச் சாவி வைத்து, ஒருவர் தனித்துத் திறக்க இயலாதபடி செய்வது சந்தேகத்தால் அன்று. இருவரையும் சந்தேகத்திலிருந்து காப்பதற்கே. கணிப்பொறியில் ஒருவர் பதிய மற்றவர் அங்கீகரிப்பதும் அவ்வாறே.

ஆனால் ஊழியர் ஒருவர் மட்டுமே உள்ள சிறு சங்கத்தில் என்ன செய்வது? பதிபவரும் அவரே, அங்கீகரிப்பவரும் அவரே. இரண்டு கடவுச்சொற்களை ஒருவரே வைத்திருப்பது இரட்டைச் சாவி ஆகாது. இங்கே இரண்டாவது கண் வெளியிலிருந்து வரவேண்டும். மத்தியக் கூட்டுறவு வங்கியின் மேற்பார்வையாளர் அங்கீகரிக்கலாம். ஒவ்வொரு பற்று வரவும் நடந்த உடனே அங்கத்தினரின் தொலைபேசிக்குத் தமிழில் செய்தி செல்லலாம். பின்னது மிகச் சிறந்தது; ஏனெனில் தம் பணத்தைத் தம்மைவிடக் கவனமாகப் பார்ப்பவர் வேறொருவர் இல்லை.

மாற்றலாகிச் சென்றவர், ஓய்வு பெற்றவர் ஆகியோரின் கடவுச்சொல்லை அன்று மாலைக்குள் நிறுத்த வேண்டும். யார் எந்தக் கணக்கை எப்போது திறந்தார் என்ற தடமும் பதிவாக வேண்டும். தம் கணக்கைத் திறந்தவர் யார் என்று ஓர் அங்கத்தினர் கேட்டால், அதற்கு விடை சொல்லும் நிலையில் சங்கம் இருக்க வேண்டும்.

7. பூட்டு எதற்காக அன்று

இதுவரை மூடுவதைப் பற்றிப் பேசினோம். இனி, மூடலாகாததைப் பற்றி ஒரு சொல். "அது ரகசியம்" என்ற விடை சங்கங்களில் சில வேளை தவறான இடத்தில் பயன்படுகிறது. அங்கத்தினரின் தனி விவரத்தைக் காப்பதற்கான பூட்டை, நிர்வாகத்தின் செயல்களை மறைப்பதற்குப் பூட்டக் கூடாது. மொத்த நிலுவை எவ்வளவு, அதில் ஓராண்டுக்கு மேற்பட்டது எவ்வளவு, நிர்வாகக் குழுவினரும் ஊழியரும் பெற்ற கடன்கள் தவணைப்படி திரும்புகின்றனவா, தணிக்கையில் கண்ட குறைகள் தீர்ந்தனவா என்பவை பொதுப் பேரவையில் விடை கூற வேண்டிய கேள்விகள். சங்கத்தின் பணத்தை ஆள்பவர், தம்மைக் கேள்வி கேட்பதற்குப் பிறருக்கு இடந்தந்தே அப்பொறுப்பை ஏற்கிறார்.

பலவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பார்வையும் சிலருக்கு வேண்டும். 2021 இல் தமிழக அரசாங்கம் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக் கடன் தள்ளுபடியை அறிவித்தபோது, கடன் விவரங்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தனர். ஒரே குடும்பத்தார் பல கடன்கள் பெற்றிருந்தமை அப்போதுதான் புலப்பட்டது. தனித்தனிச் சங்கத்தின் செயலாளர் எவராலும் அதைக் கண்டிருக்க முடியாது. அவர் பார்ப்பது தம் ஏடு ஒன்றையே. ஆகவே விரிந்த பார்வை தேவையே. ஆனால் அது குறித்த காரணத்துக்காக, குறித்த சிலருக்கு, குறித்த காலத்துக்கு மட்டும் என்று அமைய வேண்டும்.

இறுதியாக மலைப்பகுதி அங்கத்தினரைப் பற்றிக் கூறியாக வேண்டும். கல்வராயன் மலையில் கடுக்காயும் புளியும் தேனும் சேகரித்து வாழ்வோர் பலர். அவர்களுள் எழுத்தறியாத முதியோரும் உள்ளனர். அவர்களுக்குத் திரை முழுவதையும் திறந்து வைத்தாலும் அது மூடிய திரையே. வேறொருவரைப் படித்துச் சொல்லச் சொன்னால், அந்த வேறொருவர் அவர்களுடைய கணக்கு முழுவதையும் அறிந்துவிடுகிறார். சில வேளை தொலைபேசிக்கு வந்த ரகசிய எண்ணையும் அவரே வாங்கிக்கொள்கிறார். ஆகவே மலைவாழ் அங்கத்தினரின் கணக்கை அவரிடம் தனியே வாய்விட்டுப் படித்துக் காட்டுவதும், கடன் புத்தகத்தில் பதிந்து கையில் தருவதும் சங்கத்தின் கடமையாகும். பார்க்கும் உரிமை என்பது விளங்கிக்கொள்ளும் உரிமையும் சேர்ந்ததே.

8. செய்யத்தக்கவை

வருகின்ற பொதுப் பேரவையில் ஒவ்வொரு சங்கமும் ஒரு தாளில் அடங்கும் அட்டவணையை நிறைவேற்றலாம். இடப்பக்கம் ஏடுகளின் பெயர். மேலே பணிகளின் பெயர். கட்டங்களில் "பார்க்கலாம்", "எழுதலாம்", "இரண்டும் இல்லை" என்று குறித்தால் போதும். அத்தாளை அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். கணக்கில் எதை மூடியிருக்கிறோம் என்பது மூடியதாக இருக்கக் கூடாது.

விவாதத்துக்குரிய வினாக்கள்:

1. ஜாமீன் நின்றவர், கடன் வாங்கியவரின் வைப்புத் தொகையையும் பார்க்கலாமா? ஏன்?

2. வெட்டு உத்தரவு வரிசையை ஒட்டும்போது எந்தப் பத்திகளை விடவேண்டும்?

3. இறந்த அங்கத்தினரின் கணக்கை அவர் நியமித்த வாரிசு மட்டும் பார்க்கலாமா, குடும்பத்தார் எல்லோரும் பார்க்கலாமா?

4. தலைவர் கூட்டமில்லாத நாளில் ஒருவரின் கடன் கணக்கைக் கேட்டால் கணக்கர் என்ன விடை கூற வேண்டும்?

5. உங்கள் சங்கத்தில் இன்று எத்தனை கடவுச்சொற்கள் உள்ளன? எத்தனை பேர் அவற்றை அறிவர்?

ஐந்தாவது வினாவுக்குரிய விடையைக் கூட்டத்துக்கு வருமுன்னரே விசாரித்து வருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.